கப்பல் மூக்கில் ஒரு திமிங்கலம்

என் தம்பி பயணிகள் கப்பல் ஒன்றில் சலவைப் பிரிவில் இருந்தான். பருத்திப்பட்டில் எங்கள் தெருவிலிருந்து கடலுக்குப் போன முதல் ஆள். அவன் அனுப்புகிற படங்களை அன்றன்றே ஸ்டேட்டஸில் போடுவது எனக்கு ஒரு நோய். கப்பலின் நீச்சல் குளம், சாப்பாட்டுக் கூடம், வெள்ளைச் சட்டையில் அவன். ஒரு காலத்தில் எங்களை வாசலோடு நிறுத்தியவர்கள் பார்த்து வயிறெரியட்டும் என்றுதான் போட்டேன். அதை மறைக்க மாட்டேன்.

அன்று அம்பத்தூர் எஸ்டேட்டில், நான் வேலை செய்யும் பட்டறையில், டீ குடிக்கும்போது ஒரு வீடியோ வந்தது. துறைமுகத்துக்குள் வந்துவிட்ட அவன் கப்பலின் மூக்கில் குறுக்காக ஒரு திமிங்கலம், செத்து மடங்கிக் கிடந்தது. எங்கேயோ நடுக்கடலில் மோதி, அப்படியே இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். பிரஸ் மெஷின் சத்தத்தில் எங்கள் பட்டறையில் யாரும் வாய்ஸ் கேட்பதில்லை, ரயிலில் கேட்டுக்கொள்வோம். வீடியோவுக்கு மேல் 'என் தம்பி கப்பல்' என்று எழுதி, ஒரு சிரிப்புப் பொம்மையும் வைத்துப் போட்டுவிட்டேன். செத்த உயிருக்குச் சிரிப்புப் பொம்மை.

சாயங்காலம் ரயில் திருமுல்லைவாயலைத் தாண்டும்போது போனைக் காதில் வைத்தேன்.

"அக்கா, இத்த யாருக்கும் காட்டாத. போன்ல எடுக்கக் கூடாதுன்னு சொல்லிகிறாங்க. தெரிஞ்சா வேல பூடும். எப்ப மோதுச்சுன்னே தெர்லக்கா. நான் கீழ துணி மடிச்சுகினு இருந்திருப்பேன். ஒரு ஆட்டம்கூட இல்ல. மனசு கேக்கல, அதான் உனக்கு அனுப்புனேன்."

அழிப்பதற்கு முன் பார்த்தவர்கள் பட்டியலைத் திறந்தேன். அவனை வேலைக்கு அனுப்பிய பூந்தமல்லி ஏஜென்ட் பெயரும் அதில் இருந்தது. அவருக்கு அவர் பிழைப்பு, கப்பல் கம்பெனிக்குச் சொல்லிவிட்டார்.

அடுத்த துறைமுகத்திலேயே தம்பியை இறக்கி விமானம் ஏற்றினார்கள். வேறு கப்பலிலும் இனி எடுக்க மாட்டார்களாம். வந்தவன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். ஏரிப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். ஒரே ஒரு தரம், "அது கத்திருக்கும் இல்லக்கா?" என்று கேட்டான். நானும்தான் அவன்மேல் மோதினேன். கையில் இருந்த டீ கிளாஸ்கூட ஆடவில்லை. ஒருவனைக் கெடுக்க ஊரார் எதற்கு, கூடப்பிறந்தவள் போதாதா?

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்றாள். "அக்கா, அந்தப் பெரிய மீன் வீடியோ உன் போன்ல கீதா? புள்ளைங்க பாக்கணும்னுதுங்க."

அழித்துவிட்டேன் என்றேன். உள்ளே படுத்திருந்தவன் எழுந்து வந்தான்.

"என்கிட்ட கீது. தலைக்கு மேல பூட்ச்சு, இனிமே சாண் போனா இன்னா, மொழம் போனா இன்னா" என்று தன் போனை அவளிடம் நீட்டினான்.

அவள் அங்கேயே நின்று பார்த்தாள். "எம்மாம் பெருசு" என்று சிரித்தாள். அவனும் கூடச் சிரித்தான். என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.