ஐயாதுரைக்கு நிறம் பார்த்துச் சொன்னவள்

தேவதானத்தில் ஒரு காதுகுத்து. மொட்டை போட்ட பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, சொந்தபந்தம் எல்லாம் சுற்றி நின்றாயிற்று. ஐயாதுரை கேமராவைக் கண்ணில் வைத்தார். வைத்தவர் இறக்கினார். பந்தலுக்கு வெளியே, கை கழுவுகிற டிரம் பக்கத்தில், விசேஷ வீட்டுக்காரரின் தங்கச்சி செல்லத்தாய் தனியாக நின்றாள். புருசன் போய் ஒரு வருசம்கூட ஆகவில்லை. நல்ல காரியத்துப் படத்தில் நீ நிற்காதே என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. வா என்றும் யாரும் கூப்பிடவில்லை.

“இங்க வெளிச்சம் சரியில்ல. எல்லாரும் அந்த டிரம் பக்கம் வாங்க,” என்றார் ஐயாதுரை.

“எச்சிக்கை கழுவுற எடத்துலயா போட்டோ எடுப்பான்? ஏலே, இவன் நெசமாவே போட்டோக்காரந்தானா?” என்று ஒரு பெரியவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

முணுமுணுத்துக்கொண்டே கூட்டம் நகர்ந்தது. செல்லத்தாய் விலகப் பார்த்தாள். பின்னால் டிரம், முன்னால் சனம். “யாரும் அசையாதீங்க,” என்றார். எடுத்துவிட்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் மனைவி பாண்டிசெல்வி மெதுவாகக் கேட்டாள். “ஏன் மச்சான், வெளிச்சம் ரெண்டு எடத்துலயும் ஒண்ணாத்தான இருந்துச்சு?”

“எனக்குத்தான் கண்ணு சரியில்லையே. நான் என்னத்தக் கண்டேன்,” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கண் சரியில்லை என்பது பொய்யில்லை. பத்தொன்பது வயசில் போலீஸ் செலக்‌ஷனுக்குப் போனவர் ஐயாதுரை. ஓடினார், கயிறு ஏறினார், எல்லாவற்றிலும் முதல் ஆளாக வந்தார். கடைசியில் டாக்டர் ஒரு புஸ்தகத்தை விரித்து, “இந்தப் புள்ளிக்குள்ள என்ன நம்பர் இருக்கு?” என்றார். “நம்பரே இல்லையே சார். வெறும் புள்ளிதான இருக்கு,” என்றார் இவர். கூடப் போன சிவபாண்டி போலீஸாகி, இன்ஸ்பெக்டராகி, ரிட்டயர்டு ஆகவும் போகிறார். ஐயாதுரை ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போனார். விசேஷ வீடுகளில் படம் எடுப்பது ஆசைக்குத்தான். சிவப்பும் பச்சையும் அவருக்கு ஒன்றுதான். தலைத் தீபாவளிக்கு அரக்குச் சேலை என்று சொல்லிப் பச்சைச் சேலையை எடுத்துக்கொண்டு வந்து நின்ற ஆள்.

அப்படிப்பட்டவருக்குக் கலர் பிலிமை வீட்டிலேயே கழுவி, வீட்டிலேயே பிரிண்ட் போட வேண்டும் என்று ஆசை வந்ததை என்னவென்று சொல்ல? சப்பாணி மலையேற ஆசைப்பட்ட மாதிரிதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஸ்டுடியோவை மூடியபோது, மூலையில் கிடந்த என்லார்ஜரை வாங்கி வந்து குளியலறையில் வைத்தார். அதுதான் பிலிமில் இருக்கிற சின்னப் படத்தைத் தாளில் பெரிதாக்கி விழவைக்கிற மிஷின். ஜன்னலைத் தாரும் துணியும் வைத்து அடைத்தார். மருந்து தூளாகப் பார்சலில் வரும். வெந்நீர் பதமாக வேண்டும், ஒரு டிகிரி கூடினாலும் குறைந்தாலும் நிறம் கெட்டுப் போகும். கறுப்பு வெள்ளைத் தாள் என்றால் சிவப்பு விளக்காவது வைத்துக்கொள்ளலாமாம். கலர் தாளுக்கு அதுவும் ஆகாது. கும்மிருட்டில், கைத்தடவலில்தான் அத்தனையும்.

“ஏட்டி, உம் புருசன் உள்ள போயி ரெண்டு மணி நேரமாச்சு. வயித்துக்கு என்னமும் செய்யுதா?” என்று அடுத்த வீட்டுச் சுந்தரம்மாள் கேட்காத ஞாயிற்றுக்கிழமை இல்லை.

“அவிய பிள்ளை பெத்துக்கிட்டு இருக்காவ மதினி,” என்பாள் பாண்டிசெல்வி. பிள்ளை இல்லாத வீடு அது. அவளே அப்படிச் சொல்லிச் சிரிக்கும்போது சுந்தரம்மாளால் சிரிக்க முடியாது.

முதலில் தாளில் ஒரு துண்டு வெட்டிச் சோதனைக்குப் போடுவார். ஈரத்தில் பார்த்தால் நிறம் ஏமாற்றும் என்று பேன் காற்றில் காயவைத்து, கதவைத் திறந்து நீட்டுவார். பாண்டிசெல்வி அதைக் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுபோய்ப் பத்து மணி வெயிலில் பிடித்துப் பார்ப்பாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு மிஷினில் இருக்கிற நிறத்துப் பெயரெல்லாம் வராது. வாய்க்கு வந்ததைச் சொல்வாள்; பச்சைக்கு வெத்தலைச் சாறு, சிவப்புக்குக் குங்குமம்.

“முகத்துல வெத்தலைச் சாறு அடிக்குது மச்சான்.”

“எம்புட்டு?”

“ஒரு சிட்டிகை.”

மறு துண்டு வரும். “இப்ப குங்குமம் ஏறிப்போச்சு. குடிகாரன் மூஞ்சி மாதிரி இருக்கு. அரைக் கரண்டி குறைங்க.”

சிட்டிகைக்கு இத்தனை, கரண்டிக்கு இத்தனை என்று அவர் ஒரு நோட்டில் கணக்கு எழுதி வைத்திருந்தார். அவள் சொல்லச் சொல்ல, இருட்டுக்குள் மிஷினில் நிறத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகாணியைத் திருகுவார். நாலாவது துண்டிலோ ஐந்தாவது துண்டிலோ, “சரியா இருக்கு,” என்பாள் பாண்டிசெல்வி. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அந்த மனுசன் ஆறு நாளும் மில்லுக்குப் போய் வந்தாரோ என்று தோன்றும். வெளியே வந்து, தனக்குத் தெரியாத நிறத்தைத் தூக்கிப் பிடித்து அம்புட்டு நேரம் பார்ப்பார்.

“போலீஸ் டாக்டரக் கூட்டிட்டு வாட்டி. இதுல என்ன நம்பர்னு நான் கேக்கேன்,” என்பார்.

பிறகு மில்லில் புது மிஷின் வந்தது. முப்பது வருசம் மிஷினோடு இருந்தவரைக் கழிவுப் பஞ்சு குடோனுக்கு மாற்றினார்கள். ஐயாதுரை சண்டை போடவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டார். சோறு வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்க மாட்டார். திங்கள் முதல் சனி வரை வீட்டில் பத்து வார்த்தை விழுந்தால் அதிகம். ஞாயிற்றுக்கிழமை கதவுக்கு உள்ளே இருந்து, “எம்புட்டு செல்வி?” என்று கேட்கிற குரலில் மட்டும்தான் பழைய ஆள் இருந்தார்.

அந்த வருசம் புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாண்டிசெல்வி துண்டை வெயிலில் பிடித்தாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் அழுக்குத் தண்ணீர் தேங்கின மாதிரி இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். அப்படியேதான் இருந்தது. கொஞ்ச நாளாக ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, அரிசியில் கல் தெரியவில்லை. சுகர் இருக்கிறவள். வயசாகிறது என்று நினைத்திருந்தாள்.

“எம்புட்டு செல்வி?”

தெரியவில்லை என்று சொன்னால் என்ன ஆகும்? அந்தக் கதவைத் திறந்துகொண்டு அவர் வெளியே வருவார். திரும்ப உள்ளே போக மாட்டார். அப்புறம் ஏழு நாளும் அவருக்குத் திங்கட்கிழமைதான்.

“சரியா இருக்கு மச்சான்,” என்றாள்.

“ஒரே துண்டுலயா? நெசமாவா?” உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. எத்தனை மாசம் கழித்துக் கேட்ட சிரிப்பு!

அந்தச் சிரிப்புத்தான் அவளைக் கெடுத்தது. அடுத்த வாரம், “வெத்தலைச் சாறு ஒரு சிட்டிகை” என்று குத்துமதிப்பாக ஒன்று சொல்லி, மூன்றாவது துண்டில் “சரியா இருக்கு” என்றாள். ஒரே துண்டில் வந்தால் சந்தேகம் வருமே. பொய்யையும் பதமாகச் சொல்லப் பழகிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமைகளில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். வெள்ளியில் கண்மலர் வாங்கி அம்மன் காலடியில் வைத்து, “தாயே, நீயே பாத்துக்கோ,” என்று அழுதாள். அம்மன் மேல் குற்றமில்லை. புருசனிடம் சொல்ல வேண்டியதைச் சாமியிடம் மட்டும் சொன்னால் சாமிதான் என்ன செய்யும்?

குடோனில் ஐயாதுரையோடு வேலை பார்க்கிறவர் சமுத்திரம். அவர் மகள் அனுசியாவுக்குச் சித்திரையில் வளைகாப்பு. ஐயாதுரை போய்ப் படம் எடுத்தார். மூன்று ஞாயிறு உட்கார்ந்து இருபது படம் போட்டு, உறையில் வைத்துக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரு மாசமாக ஒரு பேச்சும் இல்லை.

“போட்டோ எப்படி இருக்கு சமுத்திரம்?” என்று கேட்டதற்கு, “நல்லா இருக்குண்ணே,” என்று தரையைப் பார்த்துச் சொன்னாராம்.

ஆனி மாசம் ஒரு காலையில் சமுத்திரத்தின் மனைவி காளீஸ்வரி வீட்டுக்கே வந்துவிட்டாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. உறையைத் தரையில் வைத்தாள்.

“அண்ணே, நாங்க உங்களுக்கு என்ன கெடுதி செஞ்சோம்?”

“ஏம்மா, என்ன ஆச்சு?”

“எம் மக மூஞ்சியப் பாருங்க. பாசி பிடிச்ச கல்லு மாதிரி பச்சையா இருக்கு. கையில போட்ட செவப்பு வளையலு கரிக்கட்டையா இருக்கு. ‘புள்ளத்தாச்சிய பொணமாக்கி அனுப்பிச்சிருக்காக’ன்னு அவ மாமியா சொல்லிட்டா. எம் மக அழுது சோறு திங்கல. எங்க வீட்டு ஆளு உங்ககிட்டச் சொல்லாதன்னு தடுத்தாரு. எனக்கு மனசு கேக்கல. உங்க ஆசைக்கு எங்க பிள்ளைதானா கெடைச்சா?”

சொல்லிவிட்டு அவளும் அழுதாள். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஐயாதுரை ஒரு படத்தை எடுத்து வெயிலில் பிடித்தார். அவர் கண்ணுக்கு அனுசியா என்றைக்கும் போலத்தான் இருந்தாள். படத்தைப் பாண்டிசெல்வியிடம் நீட்டினார்.

“சொல்லு செல்வி. பச்சையாவா இருக்கு?”

அவள் வாங்கினாள். திருப்பினாள், கிட்டத்தில் கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள். எத்தனை நாளைக்குத்தான் இனி?

“தெரியலை மச்சான்.”

“தெரியலைன்னா?”

“எனக்கு ஒண்ணுமே தெரியலை. புரட்டாசியில இருந்தே தெரியலை.”

படத்தைப் பிடித்தபடி ரெண்டு பேரும் கொல்லைப்புறத்தில் நின்றார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. அந்த வெயிலில் பிள்ளைத்தாய்ச்சியின் முகம் என்ன நிறம் என்று சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை.

மறுநாளே மதுரைக்குப் போனார்கள். கண் டாக்டர் விளக்கு அடித்து அடித்துப் பார்த்தார். கண்ணுக்குப் பின்னால் இருக்கிற திரையில் ரத்தம் கசிந்து கசிந்து பாழாகிவிட்டது, போன பார்வை போனதுதான், மிச்சத்தை ஊசியும் ஆபரேஷனும் செய்து காப்பாற்றிப் பார்க்கலாம் என்றார்.

“எத்தனை மாசமா இப்படி இருக்கு?”

“பத்து மாசம் இருக்கும்யா.”

“பத்து மாசத்துக்கு முன்னாடியே வந்திருந்தீங்கன்னா…” என்று ஆரம்பித்தவர் ஐயாதுரையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஐயாதுரை கிருஷ்ணன்கோவில் தாண்டியதும், “எனக்காகவா?” என்று மட்டும் கேட்டார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அந்தக் குளியலறையில் குளிக்க மட்டும்தான் செய்தார்கள். பாட்டிலில் இருந்த மருந்து காபி மாதிரி கறுத்துக் கிடந்தது. அவர் கோபப்படவில்லை. இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். காலையில் எழுந்து உலை வைத்தார், அவளுக்குச் சுகர் ஊசி போட்டார், குடோனுக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கொல்லைப்புறத்துக் கல்லில் உட்கார்ந்தால் ஒரு மணி வரைக்கும் எழுந்திரிக்க மாட்டார். கை ரெண்டும் மடியில் கிடக்கும்.

“அண்ணே, எதுக்காச்சும் வாயத் தொறங்க. அவளுக்குப் பயமா இருக்குல்ல?” என்று சுந்தரம்மாள் சுவருக்கு மேலாகக் கெஞ்சுவாள்.

“என்னத்தப் பேச? அவ கண்ணைக் கரைச்சுல்ல நான் போட்டோ கழுவியிருக்கேன்,” என்றார் ஒரு தடவை. அதோடு சரி.

ஐப்பசியில் பாண்டிசெல்விக்கு மதுரையில் ஆபரேஷன். அன்று ராத்திரியே ஐயாதுரை ராஜபாளையத்துக்குத் திரும்பி, மறுநாள் வேலைக்குப் போனார். மதியம் குடோன் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திரிக்கவில்லை. சமுத்திரம்தான் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

பாண்டிசெல்வியைக் காரில் கூட்டி வந்தார்கள். கிளம்பும்போதே நர்ஸம்மாவிடம் கேட்டிருந்ததால் கண்கட்டை அவிழ்த்தார்கள். “கடைசியா ஒரு தரம் முகத்தைப் பாத்துக்கோம்மா,” என்று காளீஸ்வரிதான் அவள் தோளைப் பிடித்துக் குனிய வைத்தாள். வெள்ளையாக ஒரு புகை, அதற்கு நடுவில் கறுப்பாக ஒரு புகை.

“தெரியுதா? நல்லாத் தெரியுதா?” என்று சுந்தரம்மாள் அழுதுகொண்டே கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிடு என்பது போலத்தான் எல்லாரும் காத்துக்கொண்டு நின்றார்கள்.

“தெரியலை மதினி,” என்றாள் பாண்டிசெல்வி.

வீடே கதறியது. அவளால் வேறு எதையும் சொல்லியிருக்க முடியாது. முந்தின நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில், வலது கண்ணில் கட்டும் இடது கண்ணில் புகையுமாகப் படுத்திருந்தவளிடம் அவர் சொல்லிவிட்டுத்தான் போனார். லீவு இல்லை, கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்தவரின் கையை அவள் விடவில்லை. கட்டைப் பிரித்த பிறகாவது தெரியுமா மச்சான் என்று கேட்டாள். அவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போர்வைக்குள் வைத்தார்.

“தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்லு. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. எனக்காகன்னு இன்னொரு தரம் சரியா இருக்குன்னு மட்டும் சொல்லிராத செல்வி. என்னால தாங்க ஏலாது. வாரேன்.”