கூனி வந்த செவ்வாய்க்கிழமை

மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வந்த மறுவருஷம் கல்யாணசுந்தரத்துக்கு வாய்த்த வேலை, கடலுக்கு வேலி போடுவது. காஜா பெராங்கில் குடியிருந்துகொண்டு, தினமும் சைக்கிள் மிதித்துப் போய், கடலோரக் குழு என்ற புது அலுவலகத்தில் கிளார்க்காகவும் மொழிபெயர்ப்பாளராகவும் தேய்ந்துகொண்டிருந்த மனிதர். வயது நாற்பதைத் தாண்டவில்லை. நடை அறுபதைத் தாண்டிவிட்டது.

ஆமை முட்டையெல்லாம் சந்தைக்குப் போய்விடுகிறது, கரையோரத்தைக் கொஞ்ச காலம் மூடி வையுங்கள் என்று மேலிடத்து உத்தரவு. குழுத் தலைவர் ராஜரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர், நியாயஸ்தர். "எதைக் காப்பாத்தப் போறம் எண்டு முதல்ல சொல்லுங்கோ. பிறகு கோடு கீறலாம்" என்பார். அங்கேதான் பிடித்தது சனி! ஆமை என்றார் ஒருவர். பவளப்பாறை என்றார் இன்னொருவர். மீன் குஞ்சு பொரிக்கிற சேறும் வேண்டுமே என்றார் வேறொருவர். கூட்டத்துக்குக் கூட்டம் இலக்கு ஒன்று கூடும். வரைபடத்தில் கோடு இன்னும் கொஞ்சம் கரைப்பக்கம் நகரும். அத்தனையையும் மலாயில் ஒரு தரம், இங்கிலீஷில் ஒரு தரம் சொல்லிச் சொல்லிக் கல்யாணசுந்தரத்தின் தொண்டைத் தண்ணீர் வற்றியது.

கோடு சேற்றைத் தொட்டதும் அவருக்குத் தூக்கம் போயிற்று. அந்த இடுப்பளவுத் தண்ணீரில்தான் மச்சினன் ராஜன் வலையைத் தள்ளிக்கொண்டு நடந்து, பொடி இறாலான கூனியை வாரிப் பிழைத்தான். செட்டிக் கம்பம் என்ற பழைய குடியிருப்பில் பிறந்தவன் சேற்றில் இறங்குவதா என்று சொந்தக்காரர்கள் மூக்கைச் சுளித்தார்கள். ஆனால் அவன் கொடுத்த கூனியைத்தான் உப்பும் சோறும் போட்டுப் புளிக்கவைத்துச் சின்சாலோக் என்று நக்கி நக்கித் தின்றார்கள். சேற்றை மூடினால் ராஜன் வீட்டில் அடுப்பு எரியாது.

ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"சார், ஆமை மணல்லதான முட்டை போடுது. கைவலைக்காரங்களுக்குச் சேத்தை விட்டுடலாமே?"

ராஜரத்தினம் கோபிக்கவில்லை. "நீர் சொன்னா மச்சானுக்காகச் சொல்லுறீர் எண்டு ஊர் கதைக்கும். அவையள் வந்து தங்கட வாயால சொல்லட்டும். நான் கோட்டைத் தள்ளிப் போடுறன்."

அவர்கள் வந்து பேசும் கூட்டத்துக்கு நாள் குறிக்கிற பொறுப்பும் கல்யாணசுந்தரத்தின் தலையிலேயே விடிந்தது. மலாய்க்காரர் பெருநாள், சீனர் திருவிழா, போர்த்துகீசியர் கோயில் விசேஷம், செட்டிகள் முன்னோருக்குப் படைக்கிற பர்ச்சு, ஒன்றிலும் மோதாமல் தேடித் தேடி, எந்தச் சாமிக்கும் வேலையில்லாத ஒரு செவ்வாய்க்கிழமையைப் பிடித்தார். அடடா, என்ன கெட்டிக்காரத்தனம்! சாமிகளையெல்லாம் கேட்டவர் கடலைக் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நாற்காலிகள் போட்டாயிற்று. தேநீர் வந்து ஆறிப் போயிற்று. ஒரு கைவலைக்காரனும் வரவில்லை. கல்யாணசுந்தரம் வாசலுக்கும் மேசைக்கும் நடந்து நடந்து ஓய்ந்தார். ராஜரத்தினமும் பாவம், பொறுத்துத்தான் பார்த்தார்.

"ஆக்களுக்கு மறுப்பு ஒண்டும் இல்லைப் போல, என்ன?"

பேசுகிறவன் இருந்தால்தானே மொழிபெயர்ப்பதற்கு? கல்யாணசுந்தரம் குறிப்பேட்டில் மறுப்பு இல்லை என்று எழுதிக்கொண்டார். சேறு கோட்டுக்குள் போயிற்று.

வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே கடல் வாடை. ராஜன் ஈரம் சொட்டச் சொட்ட, முகமெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தான். முன்னால் தகரம் நிறையக் கூனி. மனைவி கோகிலா உப்பைக் கையில் அள்ளிக்கொண்டிருந்தாள். செட்டிகள் வழக்கப்படி அக்காளும் தம்பியும் பேசுவது மலாய்தான். கல்யாணசுந்தரத்துக்கும் வீட்டில் அதுவே பழகிவிட்டது. ராஜனுக்கு அவர் 'பாங்', அதாவது அண்ணன்.

"இந்த வருஷம் பூராவும் பார்க்காத கூனி, பாங்! விடியும்போதே கரைக்கு வந்துடுச்சு. வலைக்காரன் ஒருத்தன்கூட வீட்டுல இல்ல, எல்லாரும் தண்ணியிலதான்!" என்றான் ராஜன். பிறகு, சந்தேகமே இல்லாத குரலில், "கூட்டத்துல எங்களுக்காக நீங்க பேசியிருப்பீங்க. நீங்கதான் அங்கேயே இருக்கீங்களே" என்றான்.

கல்யாணசுந்தரம் சைக்கிளைச் சாத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

"நான் பேசக் கூடாது, ராஜன். நீங்கதான் பேசணும்னு காத்திருந்தாங்க. சேத்தை மூடிட்டாங்க."

கோகிலாவின் கை அப்படியே நின்றது. ராஜன் தகரத்தைப் பார்த்தான்.

"தாக் அபா, பாங். போனாப் போகுது" என்றான். அக்காள் பக்கம் திரும்பினான்.

"உப்பைக் கொஞ்சம் கூடவே போடு அக்கா. இதை ரொம்ப நாளைக்கு வச்சுத் திங்கணும்."