முத்திரை போட்ட மூலைகள்

இரும்பு விற்கும் ஆபீஸ் என்று பெயர். ஆனால் நாங்கள் விற்றதைவிட 'இல்லை' என்று சொன்னதுதான் அதிகம். அறுபதுகளின் தொடக்கத்தில், சர்க்கார் உருக்காலை ஒன்றின் பம்பாய் விற்பனை ஆபீசில் நான் டைப்பிஸ்ட். மாட்டுங்காவிலிருந்து லோக்கல் ரயிலில் நசுங்கிக்கொண்டு வி.டி. ஸ்டேஷனில் போய் இறங்கி, பகல் பூராவும் 'வருந்துகிறோம்' என்று டைப் அடிப்பேன். கோட்டா, பர்மிட் என்று ஏதாவதொரு ஜன்னலுக்கு முன்னால் கால்கடுக்க நின்றவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர்களுக்கும் முதுகுவலி உண்டு.

கம்பி கேட்டால் பொட்டலம்

எங்கள் ஆலை இரும்போடு நின்றுவிடவில்லை. உலைக்காக நிலக்கரியைச் சுடும்போது கிடைக்கிற தார், உரம், அந்துருண்டைக்கான நாப்தலீன் எல்லாமே எங்கள் சரக்கு. இரும்புக்குத்தான் பஞ்சம், நாப்தலீனை வாங்க ஆளில்லை. அதனால் வெறுங்கையோடு திரும்புகிறவர்களுக்கு ஒரு சாம்பிள் பொட்டலம் கொடுத்தனுப்பும்படி மானேஜர் ராமநாதன் உத்தரவு போட்டிருந்தார். கோபம் கொஞ்சம் தணியும் என்பது அவர் எண்ணம்.

செம்பூரில் மனை வாங்கிப் போட்டிருந்த மணி என்கிற ரிட்டயர்டு குமாஸ்தா மாதம் தவறாமல் கம்பிக்கு வருவார், பொட்டலத்தோடு போவார். ஆறாவது பொட்டலத்தை வாங்கிக்கொண்டபோது சொன்னார்: "வீடு எப்போ எழும்பும்னு தெரியலை. எழும்பினா அதுல பூச்சி வராதுங்கறது மட்டும் நிச்சயம்."

ஒட்டுப் போட்ட பெட்டி

சுடலைமுத்து அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். தாராவியில் டிரங்குப் பெட்டி செய்யும் பட்டறை வைத்திருந்தார். அவரையும் சேர்த்து நாலு பேர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கள் ஆலைத் தகடு அவருக்குக் கோட்டாவில் கிடைக்கும். அது நின்றால் பட்டறையும் நின்றுவிடும். வெளியில் கறுப்பு விலைக்கு வாங்கிப் பெட்டி அடித்தால் கட்டுப்படியாகாது. எங்கள் ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த மனிதர் நான் பார்த்து அவர் ஒருவர்தான்.

என் அக்கா கல்யாணத்துக்கு அவரிடம் ஒரு பெட்டி சொல்லியிருந்தேன். தலையில் சுமந்து வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். பச்சைப் பெயின்ட் பளபளத்தது. ஆனால் மூடியின் ஒரு மூலையில் தனித் துண்டு வைத்து ரிவெட் அடித்திருந்தது. புதுப் பெட்டியில் ஒட்டா என்று அம்மா முகத்தைச் சுளித்தாள். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. ஏன் அண்ணாச்சி என்று கேட்டதற்குத் தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "நம்ம பட்டறைப் பெட்டி எல்லாமே அப்படித்தாம்மா இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போவாது, பாத்துக்கிடுங்க."

சீனாக்காரன் காலண்டர்

அறுபத்திரண்டு ஜனவரியில் சீனாவிலிருந்து ஒரு காலண்டர் தபாலில் வந்தது. அங்கத்திய சர்க்கார் உருக்காலை ஒன்று அனுப்பியிருந்தது. மாதத்துக்கு ஒரு படம்; எல்லாம் அந்த ஆலைக்குச் சொந்தமானவை. சுரங்கம், சிமென்ட் ஆலை, தனி ரயில், ஆஸ்பத்திரி, நவம்பரில் ஒரு பன்றிப் பண்ணை. மானேஜர் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அவாளுக்கு ரயிலே இருக்கு, நமக்கு அந்துருண்டை" என்று பெருமூச்சு விட்டு, அதை ஹாலில் மாட்டச் சொன்னார்.

அக்டோபரில் எல்லையில் சண்டை மூண்டது. காலண்டரைக் கழற்றினால் சுவரில் காரை பெயர்ந்த இடம் தெரியும். அதனால் படம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி மாட்டச் சொன்னார் மானேஜர். ஆபீசில் வேறு காலண்டர் கிடையாது. எங்கள் பியூன் கண்பத், எங்களோடு இருந்து தமிழ் கற்றுக்கொண்ட மராட்டிக்காரர், அடிக்கடி அதைத் தூக்கி எட்டிப்பார்ப்பார். ஒருநாள் மானேஜர் பிடித்துவிட்டார். கண்பத் அசரவில்லை: "லடாய் இருக்கட்டும் சாஹேப். ஞாயித்துக்கிழமை என்னிக்குன்னு இந்த ஆபீஸ்ல சீனாக்காரனுக்குத்தானே தெரியும்."

சாக்கு மூட்டை

சண்டைக்குப் பிறகு தகடு இன்னும் அருமையாகிவிட்டது. கோட்டாத் தகட்டைப் பெட்டி செய்யாமல் முழுசாகக் கறுப்புச் சந்தையில் தள்ளுகிறவர்களைப் பிடிக்கும்படி மேலிடத்து உத்தரவு. சுடலைமுத்து அண்ணாச்சியும் தள்ளுகிறார் என்று பெயரில்லாத கடிதம் ஒன்று வந்தது. அடித்த பெட்டியெல்லாம் விற்றுப் போயாயிற்று. எதைக் காட்டி நிரூபிப்பார்? அவர் கோட்டாவை ரத்து செய்யும் கடிதத்தை நான்தான் டைப் அடித்தேன். இரண்டு தடவை தப்பாக அடித்தேன். நம் வீட்டுப் பெட்டிக்கு ஒட்டுப்போட்டவர் நல்ல தகட்டை வெளியே விற்றிருப்பாரோ என்று எனக்கும் ஒரு சந்தேகம் எட்டிப்பார்த்தது. அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

கையெழுத்துப் போடுமுன் அவரை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று மானேஜர் கூப்பிட்டனுப்பினார். "வாங்கின தகடெல்லாம் எங்கே போச்சு? நேராச் சொல்லுங்கோ" என்றார். அண்ணாச்சி விறுவிறுவென்று வெளியே போனார். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு சாக்கு மூட்டையோடு வந்து தரையில் கொட்டினார். எல்லாம் உள்ளங்கை அகல முக்கோணத் தகடுகள். ஒவ்வொன்றிலும் எங்கள் ஆலையின் முத்திரை. ஆலையில் ஒவ்வொரு தகட்டிலும் ஒரு மூலையில் மட்டும் முத்திரை போடுவார்கள். தகட்டை முழுசாக விற்றிருந்தால் மூலை எப்படி இவரிடம் இருக்கும்? கண்பத் உட்கார்ந்து எண்ணினார். கோட்டாவில் கொடுத்த தகடுகளில் ஒன்றுகூடக் குறையவில்லை.

"இதை எதுக்குய்யா சேத்து வெச்சிருக்கீர்?" என்றார் மானேஜர். "சர்க்கார் முத்திரைல்லா, ஐயா. அதுமேல கத்திரி பட்டாக் குத்தம்னு நெனச்சேன். அந்த மூலைய மட்டும் நறுக்கி எடுத்து வச்சிட்டு, பெட்டிக்கு ஒட்டுப் போட்டுக்கிடுவேன்" என்றார் அண்ணாச்சி. என் கண் கலங்கிவிட்டது. மானேஜர் நான் அடித்த கடிதத்தை நாலாகக் கிழித்தார். முத்திரையை வெட்டினால் குற்றமில்லை என்று சொல்ல வாயெடுத்தவர், தரையில் கிடந்த மூலைகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "குத்தம்தான். இனிமேலும் முத்திரையை வெட்டாதீங்கோ."

பம்பாயில் எங்கள் ஆலை முத்திரையை மதித்தவர் ஒரே ஒருவர்தான். அவரைத் திருடன் என்று, பிழையில்லாமல் மூன்றாம் தடவையாக, டைப் அடித்தவள் நான்.