உண்ணாமலை ஏறிய இரும்புப் படி

நார்த்தாமலைப் பக்கம் ரயில் பாதை ஓரமாக நிற்கிற அந்தச் செங்கல் கட்டடத்தை ஊர்க்காரர்கள் ரயில் பங்களா என்பார்கள். விக்டோரியா ராணி செத்துக் கால் நூற்றாண்டு கழித்துக் கட்டியது. ஆனாலும் கூர்வளைவு, கடிகாரக் கோபுரம், வண்ணக் கண்ணாடி எல்லாம் ராணி காலத்துப் பாணி. தண்டவாளம் போட வந்த வெள்ளைக்கார எஞ்சினியருக்கு லண்டனில் ஃபேஷன் மாறிய சேதி எட்டவில்லை போலிருக்கிறது. இப்போது அது பெரிய ஓட்டல்.

உண்ணாமலைக்கு வயது ஐம்பத்தாறு. பன்னிரண்டு வருடமாக அங்கே மாடி அறைகளைப் பெருக்கித் துடைக்கிறார். வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. கட்டடத்தின் முன்னால் அகலமான தேக்குப் படி இருக்கிறது. குழந்தைகூடத் தவழ்ந்து ஏறிவிடும். பின்புறம் சுருள் சுருளாக ஓர் இரும்புப் படி. மலம் அள்ளுகிறவர்கள் துரைமார் கண்ணில் படாமல் குளியலறைப் பின்கதவு வழியாக வந்து போவதற்கென்று வைத்தது. குழாய் வந்தது, சுதந்திரம் வந்தது. அந்தப் படிக்கு மட்டும் ஓய்வு வரவில்லை. ‘ஊழியர்களுக்குப் பின்படி மட்டும்’ என்று சமையலறை வாசலில் போர்டு. விடியலில் தேக்குப் படியை உண்ணாமலை உட்கார்ந்து உட்கார்ந்து துடைக்கலாம். துடைத்த பிறகு மிதிக்கக் கூடாது.

மேலாளர் ரகுநாத்திடம் மூன்று தடவை கேட்டுப் பார்த்தார்.

“முட்டி தாங்கல சார். முன்படியில ஏறிக்கிறேனே.”

“இது ஹெரிடேஜ் ஓட்டல்ங்க. அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும்.”

“அந்தக் காலத்துல ஏசி இருந்துச்சா சார்?”

“முடியலன்னா வேலையவிட்டு நின்னுக்கங்க.”

பழைய அழுக்குக்குப் பாரம்பரியம் என்று பெயர் வைத்தால் மணக்கும் என்று நம்புகிறவர்களிடம் வேறென்ன பதில் கிடைக்கும்?

தை மாதம் கட்டடக்கலைக் கல்லூரிப் பேராசிரியை அருணா இருபது மாணவர்களோடு வந்து இறங்கினார். அன்று பார்த்துச் சுற்றிக் காட்டுகிற அஜித்துக்குக் காய்ச்சல்.

“நீங்களே காட்டிருங்க உண்ணாமலை. ஒங்களுக்குத் தெரியாத மூலையா?” என்றார் ரகுநாத்.

உண்ணாமலை காட்டினார். “இந்தக் கண்ணாடியில நீலம் மட்டுந்தான் பழசு. தொடைச்சா மேடுபள்ளம் கையில தட்டும். மத்ததெல்லாம் புதுசா வாங்கி மாட்டுனது.” மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

மாடிக்குப் போகும் நேரம் வந்தது. அவர் தேக்குப் படியைத் தாண்டி நடந்தார்.

“எங்கிட்டும்மா போறீங்க?” என்றார் அருணா.

“மாடிக்குத்தாங்க. எனக்கு வழி பின்னாடி.”

போர்டையும் காட்டினார். இரும்புப் படி எதற்கு வந்தது என்பதையும் சொன்னார். மாணவர்கள் அதையும் எழுதிக்கொண்டார்கள்.

“அப்ப நாங்களும் ஒங்க பின்னாடியே வாரோம்” என்றார் அருணா.

நாலு படிக்கு ஒரு தடவை உண்ணாமலை மூச்சு வாங்க நின்றார். இருபத்தொரு பேரும் சேர்ந்து நின்றார்கள். மேலே தேக்குப் படியின் உச்சியில், வரவேற்கச் சந்தன மாலையோடு காத்திருந்தார் முதலாளி நல்லதம்பி, பக்கத்தில் ரகுநாத். அவர்கள் முதுகுக்குப் பின்னால் குளியலறைக் கதவு திறந்து மாணவர்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டே இருந்தார்கள்.

“யாருய்யா இப்படிக் கூட்டியாந்தது?” என்றார் நல்லதம்பி.

“நான்தாங்க. போர்டுல அப்படித்தானே போட்டிருக்கு.”

“அந்தப் போர்டை போட்டோ எடுத்துக்கிட்டோம் சார். எங்க கட்டுரைக்கு வேணும்” என்றார் அருணா.

நல்லதம்பி ரகுநாத்தைப் பார்த்தார். “அந்தப் பலகையைப் பேத்து எறிங்க. இனி எல்லாரும் முன்படியிலயே ஏறட்டும்.”

தேக்குப் படியில் இறங்கும்போது மாணவர்கள் உண்ணாமலையை முன்னே விட்டார்கள். கைப்பிடியைப் பிடித்து நிதானமாக இறங்கினார். பாதியில் நின்று நிமிர்ந்து ரகுநாத்தைப் பார்த்தார்.

“சார், இந்தப் படி ஆடுது. ஆணி அடிக்கச் சொல்லுங்க. உக்காந்து தொடைக்கையில தெரியல, மிதிச்சாத்தான் தெரியுது.”