பாத்திரம் கழுவும் மெஷினில் போட்ட சைலன்சர்

ரௌனிக்கு இடது காது கேட்காது. இருபத்திரண்டு வயதில் எல்க் மான் வேட்டைக்குப் போனபோது, பக்கத்தில் நின்றவன் சொல்லாமல் கொள்ளாமல் சுட்டான். ஹெய்னாவாரா ஊரில் அப்போது எவன் துப்பாக்கியிலும் சைலன்சர் கிடையாது. அன்று காதில் குடியேறிய ரீங்காரம் முப்பத்தாறு வருடமாகக் காலி செய்யவில்லை.

பேருந்துப் பணிமனையில் மெக்கானிக் வேலை. ஊர் வேட்டைக் குழுவின் சுடுதளமும் அவள் பொறுப்பு. கார் இருக்கைக்கு வாசனைத் தைலம் பூசுகிற ஆண்கள், துப்பாக்கியை மட்டும் ஈரத்தோடு அலமாரியில் தள்ளிவிட்டு சவுனா நீராவிக் குளியலுக்கு ஓடுவதைப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் வேட்டை முடிந்ததும் துப்பாக்கியின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைத் திறந்து, தோட்டா அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்ப்பாள். சைலன்சர் ஆறியதும் விறகுக் கொட்டகையில் வைத்துக் கழற்றுவாள். கையுறை போட்டு, போல்ட்டை உருவி, குழலைப் பின்பக்கமிருந்து துடைப்பாள். சைலன்சரைத் தனியாக நிறுத்திக் காயவைப்பாள். காய்ந்ததும் மரையைத் துடைத்து மறுபடி குழல் முனையில் திருகி, நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று குழல் வழியே ஒரு கண் பார்ப்பாள். எல்லாம் சேர்த்தாலும் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்துக்குத்தான் இந்த மகாராஜாக்களுக்கு வக்கில்லை.

மகாராஜாக்களில் முதல்வன் வெய்யோ. கார் வியாபாரி, வேட்டைக் குழுவின் தலைவன். வேட்டைப் பருவத்துக்கு முன்னால் சுடுதளத்தில் நடக்கும் ஆகஸ்ட் மாதச் சுடும் தேர்வுக்கு புது ஜீப்பில் வந்து இறங்கி, துப்பாக்கியை அவளிடம் நீட்டினான்.

"பாரு ரௌனி, இந்த வருஷம் நீ குத்தம் சொல்ல ஒண்ணுமே இல்ல. கண்ணாடி மாதிரி வெச்சிருக்கேன்."

"காலியா?"

"பின்ன? என்னைப் பச்சப்புள்ளன்னு நெனச்சியா?"

அவள் குழலை, குண்டைத் தடுக்கும் மண்மேட்டுப் பக்கம் திருப்பி போல்ட்டை இழுத்தாள். முழுத் தோட்டா ஒன்று துள்ளி வந்து சரளைக்கல்லில் விழுந்தது. காபி ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

"இதுக்குப் பேரு காலியாப்பா?" என்றாள் ரௌனி. "என் கையில குடுக்கிறப்ப இந்தக் குழல் யாரைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு, தெரியுமா? உன் மச்சான் ஐமோவோட வயித்தை."

ஐமோ கையிலிருந்த ரொட்டியோடு இரண்டடி தள்ளிப் போனார்.

சைலன்சரைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது. கறுப்பாக இருந்த அலுமினியம் வெளிறிச் சாம்பல் பூத்திருந்தது. பிடித்து ஆட்டினாள். ஆடிப்போன பல் மாதிரி ஆடியது.

"இதை எதுல கழுவுனே?"

"பாத்திரம் கழுவுற மெஷின்லதான். ரொம்ப சூடா, ரெண்டு தடவை. எப்படி பளபளன்னு..."

"யோவ், அந்த சோப்பு அலுமினியத்தை அரிச்சுத் தின்னுடும்யா. மரையே கரைஞ்சு போயிருக்கு பாரு. கோணலா நிக்குது. இதோட சுட்டா குண்டு உள்ளேயே இடிக்கும்." சட்டென்று நிறுத்தினாள். "இரு. இதுக்குள்ள இருக்கிற கரியில ஈயம் இருக்கு. நேத்துக் கூட்டத்துல எங்களுக்கு நீ காபி குடுத்த கோப்பையெல்லாம் இது கூடவா கழுவுனே?"

வெய்யோ தலையைச் சொறிந்தான். அந்தக் காபியைக் குடித்த இரண்டு பேர் எச்சில் துப்பினார்கள்.

"இந்தத் துப்பாக்கி இன்னிக்கு சுடாது. வீட்டுக்கு எடுத்துட்டுப் போ."

"பஸ்ஸுக்கு ஆயில் மாத்துறவ எனக்குப் பாடம் எடுக்காதே!" என்று கத்திவிட்டு ஜீப்பில் ஏறிப் போனான்.

போனவன் வீட்டுக்குப் போகவில்லை. தன் நிலத்து மணல் குழிக்குப் போய், தான் சொன்னதே சரி என்று நிரூபிக்க ஒரே ஒரு முறை சுட்டான். சைலன்சரின் முன்மூடி பிய்த்துக்கொண்டு பறந்து, ஓரமாக நிறுத்தியிருந்த புது ஜீப்பின் கண்ணாடியை உடைத்து, ஓட்டுநர் இருக்கையில் போய்க் குத்தி நின்றது. அவன் உடம்பில் கீறல்கூட இல்லை. சேதி கேட்டதும் ரௌனி முதலில் அவன் கைகால் நலமா என்றுதான் விசாரித்தாள். அடுத்த கணமே, இருக்கைக்குப் பூசிய தைலம் வீணாய்ப் போனதே என்று சிரிப்பு வந்தது.

அடுத்த வாரக் கூட்டத்தில் வெய்யோ, சைலன்சர் செய்தவன்தான் ஏமாற்றிவிட்டான் என்று ஆரம்பித்தான்.

"செஞ்சவன் அதைச் சாப்பாட்டுத் தட்டுன்னு சொல்லியா வித்தான்?" என்றார் ஐமோ. குழல் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்த நினைவு அவருக்கு இன்னும் போகவில்லை.

கைதூக்கி முடிவு செய்தார்கள். தலைவர் பொறுப்பு ஐமோவுக்கு. வெய்யோ அந்த வருடம் துப்பாக்கி தொடக் கூடாது. மானைக் கலைத்து விரட்டுகிறவர்களோடு நடக்க வேண்டும். கோபித்துக்கொண்டு வரமாட்டான் என்றுதான் ரௌனி நினைத்தாள்.

அக்டோபர் வேட்டைக்கு ஆரஞ்சு மேல்சட்டையோடு வந்து நின்றான். சதுப்பிலும் புதரிலும் நாள் முழுக்கக் கத்திக்கொண்டே நடந்தான். கார் விற்றுப் பழகிய தொண்டை. அரை மைல் கேட்டது. மூன்றாம் நாள் ஒரு பெரிய எல்க் அந்தச் சத்தத்துக்கு மிரண்டு நேராக ரௌனி நின்ற இடத்துக்கே ஓடி வந்தது. ஒரே குண்டில் சாய்த்தாள்.

வெய்யோ மூச்சிரைக்க வந்து மானைப் பார்த்தான். "என் சத்தம் எப்படி?"

"உருப்படியா ஒண்ணு செஞ்சிருக்கே," என்றாள் ரௌனி. சொல்ல அவளுக்குக் கசந்தது. "எனக்கே கேட்டுச்சு. அதுவும் இடது பக்கம் நின்னு கத்துனே."

போல்ட்டைத் திறந்து, தோட்டா அறையை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகுதான் மானின் அருகே போனாள்.