பசு ஓவிட்டின் மகள் ஹூஸ்டனுக்குப் போகிறாள்

ஆன்ஸ் நுவார் ஊரில் நல்ல பூடான் வேண்டுமென்றால் பெட்ரோல் பங்குக்குத்தான் போக வேண்டும். எங்கள் லூசியானாவில் அது அப்படித்தான். வண்டிக்கு பெட்ரோல் போட்டுவிட்டு உள்ளே போய், ஆவி பறக்கும் பானையிலிருந்து ஒரு துண்டு வாங்கி, வண்டியிலேயே உட்கார்ந்து நுனியைக் கடித்துப் பல்லால் இழுத்து உறிஞ்சிவிட்டுத் தோலை எறிந்துவிடுவார்கள். தட்டு கேட்பவன் வெளியூர்க்காரன். பன்றித் தோள்கறி, ஈரல், சோறு, வெங்காயத்தாள், மிளகாய்த்தூள், இவ்வளவையும் கலந்து குடலில் அடைத்து வேகவைத்தால் பூடான். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததில் ருசியைக் கொண்டுவரத்தான் ஆள் வேண்டும். அந்த ஆள் யூலா மே கிலோரி.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். பூடான் செய்ய அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் பானையை நாய்க்குப் போட்டாள். நாய் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. இரண்டாவது பானையை நாய் தின்றது. மூன்றாவது பானையை ஊரே தின்றது, இன்னும் தின்றுகொண்டிருக்கிறது. புருஷனை இளம் வயதிலேயே அடக்கம் செய்தாள். பிள்ளை குட்டி கிடையாது. தகர வீட்டில் இருந்தவள் செங்கல் வீடு கட்டினாள். எவன் தயவும் அதில் இல்லை. மூன்று ஜில்லா தாண்டி வந்து வரிசையில் நிற்பார்கள். ஆனால் பங்கின் மேல் தொங்கும் பலகையில் என்ன எழுதியிருக்கும் தெரியுமா? 'ஸ்வாலோ பூடான்' என்று. ஸ்வாலோ என்பது பங்கின் முதலாளி குடும்பப் பெயர். கிழவர் ஸ்வாலோ செத்துப்போனார். இப்போது மகன் ரோலன். அவனுக்கு வெங்காயம் உரிக்கத் தெரியாது.

எட்டு வருஷத்துக்கு முன்னால், கிழவர் செத்த கையோடு யூலா மே ஒரு தடவை கேட்டாள். கூலியைக் கூட்டிக் கேட்கவில்லை. பலகையில் தன் பெயரைப் போடச் சொல்லிக் கேட்டாள்.

ரோலன் வரிசையில் நின்றவர்கள் காதுபடச் சிரித்தான். "மிஸ் யூலா, உங்க பேரைப் போட்டா ஜனங்க என்ன சொல்லும்? ஒரே பூடானை ரெண்டு பேருக்கு வித்துருவீங்கன்னு சொல்லும்."

வரிசையும் சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வது? ஆனால் அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை.

ஏன் சிரித்தார்கள் என்றால், எங்கள் பக்கம் புதுமுகத்தைப் பார்த்தால் பெயரைக் கேட்க மாட்டோம். "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்றுதான் கேட்போம். அப்பன் பெயர் தெரிந்துவிட்டால் ஆளைத் தெரிந்த மாதிரி. யூலா மேயின் அப்பன் ஓவிட். அந்த மனுஷன் ஒரே பசுவைக் காலையில் ஒருவனுக்கும் சாயங்காலம் நடன மண்டபத்தில் இன்னொருவனுக்கும் விற்றார். ஞாயிறு பூசை முடிந்ததும் இரண்டு பேரும் ஆளுக்கொரு கயிற்றோடு மாதா கோயில் வாசலுக்கே வந்துவிட்டார்கள். ஊர் மொத்தமும் வேடிக்கை பார்த்தது. அன்றைக்கு யூலா மே அம்மாவின் பாவாடை நுனியைப் பிடித்தபடி நின்ற சின்னப் பெண். அன்றிலிருந்து அப்பன் 'பசு ஓவிட்'. அவள் 'பசு ஓவிட்டின் மகள்'. கல்யாணத்திலும் அந்தப் பெயர்தான், புருஷன் சாவிலும் அந்தப் பெயர்தான். அறுபத்து மூன்று வயதில், தலை நரைத்து, ஊருக்கே சோறு போட்ட பிறகும் அதே பெயர்தான்.

இப்படி இருக்கும்போதுதான் மோனிக் போன் செய்தாள். மோனிக் அவளுடைய ஞானமகள். ஞானஸ்நானத்தில் கையில் ஏந்தியவள் யூலா மே. ஞானத்தாயை நாங்கள் நனான் என்போம். மோனிக் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டனில் வேலை பார்க்கிறாள்.

"நனான், எங்க வீட்டுப் பக்கத்துல ஒரு கடை காலியா இருக்கு. நகம் வெட்டுற கடைக்கும் துணி துவைக்கிற கடைக்கும் நடுவுல. மாசக் கடைசிவரைக்கும் யாருக்கும் கொடுக்கமாட்டேன்னு கடைக்காரர் சொல்லியிருக்காரு. வந்துருங்க. எத்தனை நாளைக்கு அந்த ரோலனுக்கு ஆக்கிப் போடுவீங்க?"

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மறுநாள் காலையில் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. இந்த வயசில் பெருநகரமா என்றான் ஒருவன். அங்கே புயல் வந்தால் ஓடக்கூட வழியில்லை என்றான் இன்னொருவன். புயலுக்குப் பேர்போன ஊரில் நின்றுகொண்டுதான் இதைச் சொன்னான். ரோலன் கல்லாவில் சாய்ந்துகொண்டு, "போங்க மிஸ் யூலா, தாராளமா போங்க. ஹூஸ்டன்ல உங்களை யாருக்குத் தெரியும்?" என்றான்.

அவள் சனிக்கிழமைக்கு விடுப்பு மட்டும் கேட்டாள். ஐஸ் பெட்டியில் கறியை அடைத்து, அரைவை மெஷினைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, ஒரு நாள் விற்றுப் பார்க்கலாம் என்று மேற்கே வண்டியை விட்டாள்.

பயமில்லை என்று சொன்னால் பொய். ஹூஸ்டன் சாலையில் வண்டிகள் எறும்புச் சாரி மாதிரி போகவில்லை, எறும்புப் புற்றில் தண்ணீர் ஊற்றிய மாதிரி போயின. இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டாள். திரும்பி வந்து மறுபடியும் தவறவிட்டாள். பின்னால் ஒருவன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவேயில்லை. "உங்கம்மாவுக்குப் பிரசவ வலியா, போய்த் தொலை" என்று கண்ணாடியைப் பார்த்துத் திட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள்.

காலியாக இருந்த கடையின் முன்னால் மேசை போட்டாள். பானை கொதித்தது. வாசனை போனதும் ஆட்கள் தானாக வந்தார்கள். உடம்பெல்லாம் பெயின்ட் தெறித்த ஒருவர் முன்னால் நின்றார். யூலா மே ஒரு துண்டைத் தாளில் சுற்றியபடி, நாற்பது வருஷமாகக் கேட்கிற மாதிரியே சிரித்த முகத்தோடு கேட்டாள்: "நீ யாரு வீட்டுப் பிள்ளை? அப்பா பேரு என்ன? எந்த ஊரு?"

அந்த மனுஷன் முகம் சுண்டிப்போயிற்று. நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பின்னால் நின்றவரிடம் ஸ்பானிஷில் ஏதோ முணுமுணுத்தார். இரண்டு பேரும் நடையைக் கட்டினார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்ற நான்கைந்து பேரும் ஒவ்வொருவராக நழுவினார்கள். யூலா மேக்கு ஒன்றும் புரியவில்லை. உப்பு கூடிவிட்டதோ என்று எடுத்துச் சுவைத்தாள். உப்பு சரியாகத்தான் இருந்தது. அவள் கையில் உப்பு என்றைக்குத் தவறியது?

மோனிக் ஓடிவந்தாள். "நனான், அந்தப் பெயின்டர்கிட்ட என்ன கேட்டீங்க?"

"யாரு வீட்டுப் பிள்ளைன்னு கேட்டேன். மரியாதைக்குத்தான் கேட்டேன்."

"ஐயோ நனான். அவரு மூணு நாடு தாண்டி வந்தவரு. வெள்ளைக்காரம்மா ஒருத்தி ஏப்ரன் கட்டிக்கிட்டு அப்பா பேரு, ஊரு பேருன்னு கேட்டா, பேப்பர் இல்லாதவங்களைப் பிடிக்கிற குடியேற்றப் போலீஸ் வேஷம் போட்டு வந்திருக்குன்னுதான் நெனைப்பாங்க."

"நான் பூடான்தானே விக்கிறேன்?"

"வேஷம்னா அப்படித்தான் இருக்கும்."

யூலா மே கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். "அப்ப யாருன்னு தெரியாமலே ஒருத்தனுக்குச் சோறு போடணுமா?"

"பசிக்குதுன்னு தெரிஞ்சாப் போதும். வேற ஒன்னும் கேக்காதீங்க."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. வாயைக் கட்டிக்கொண்டு பூடான் விற்பது அவளுக்குக் காலைக் கட்டிக்கொண்டு நடப்பது மாதிரி இருந்தது. ஒவ்வொரு முகத்தைப் பார்க்கும்போதும் கேள்வி நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போயிற்று.

மத்தியானம் நகக் கடையிலிருந்து ஒரு வியட்நாம்காரப் பெண் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். துண்டை வாங்கி அங்கேயே நின்று, தட்டு கேட்காமல், நுனியைக் கடித்து இழுத்தாள். மென்றாள். இன்னொரு தடவை இழுத்தாள்.

"யாரு செஞ்சது?" என்றாள்.

"நான்தான்."

"உங்க பேரு?"

"யூலா மே."

யூலா மே அடுத்த கேள்விக்காகக் காத்து நின்றாள். அப்பன் பெயரைக் கேட்பாள், உடனே ஒரு சிரிப்பு வரும், தாங்கிக்கொள்ள வேண்டும் என்று தோளை இறுக்கிக்கொண்டாள். அறுபது வருஷப் பழக்கம் அது. அடுத்த கேள்வி வரவில்லை.

"யூலா மே, இன்னும் ஆறு கொடுங்க. உள்ள வேலை பாக்கிற பொண்ணுங்களுக்கு" என்றாள் அந்தப் பெண். வாங்கிக்கொண்டு போனாள். கால் மணியில் அந்தப் பெண்கள் வந்தார்கள். துணி துவைக்க வந்தவர்கள் வந்தார்கள். "எங்க யூலா மே?" என்று கேட்டுக்கொண்டே ஒருவன் தெருவைத் தாண்டி வந்தான். சாயங்காலத்துக்குள் பானை காலி.

பானையைக் கழுவும்போது யூலா மே மோனிக்கிடம் சொன்னாள்: "ரோலன் சொன்னான், இங்க என்னை யாருக்கும் தெரியாதுன்னு. முட்டாப்பய. எனக்கு எது வேணுமோ அதையே பயமுறுத்தலா சொல்லியிருக்கான்."

ஊருக்குத் திரும்பிவந்தவள் திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது பங்கின் முன்னால் ஏணி சாத்தியிருந்தது. 'ஸ்வாலோ பூடான்' பலகை கீழே கிடந்தது. புதுப் பலகை மேலே ஏறிக்கொண்டிருந்தது. சிவப்பு எழுத்தில், பெரிதாக, 'யூலா மே பூடான்'. ஹூஸ்டனில் பானை காலியான சேதி எட்டிவிட்டது போல, ரோலன் கீழே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தான். ஊர்க்காரர்களும் கூடியிருந்தார்கள்.

யூலா மே பலகையை ரொம்ப நேரம் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. எழுத்து வளைவு கூட அழகு. இதையே எட்டு வருஷத்துக்கு முன்னால் செய்திருந்தால் அவள் அவன் காலில் விழுந்திருப்பாள். இப்போதும் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளத்தான் செய்தது. மறைப்பானேன்.

"பாருங்க மிஸ் யூலா, உங்க பேரு" என்றான் ரோலன். "இப்ப திருப்திதானே? கடையை விட்டுட்டு எங்கேயும் போகவேண்டாம். எவன் சிரிக்கிறான்னு நானும் பாக்கிறேன்."

"நல்லா இருக்கு, ரோலன்."

"அப்ப இருந்துடுவீங்க."

"நீ எழுதினதை நீயே அழிக்கலாம்" என்றாள் யூலா மே. "நான் போய் நானே எழுதிக்கிறேன்."

"இந்த வயசுலயா?"

"ஆமா, இந்த வயசுலதான். இதைவிடச் சின்ன வயசு என்கிட்ட இல்ல."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இந்தத் தடவை அவளைப் பார்த்து இல்லை.

ரோலன் முகம் தொங்கிப்போயிற்று. பிறகு வியாபாரிக்குரிய புத்தி வந்தது. "சரி, போறதுதான் போறீங்க. அளவாவது சொல்லிட்டுப் போங்க. இத்தனை கறிக்கு இத்தனை சோறுன்னு."

"அளவு என் கையில இருக்கு. கை என்கூட வருது."

அந்த வாரம் முழுக்க அவள் வேலை செய்தாள். பாதியில் விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை. ஊரும் வாரம் முழுக்கப் பேசியது. பாதிரியார் கூடப் பூசைக்குப் பிறகு நிறுத்தி, வேரோடு பிடுங்கிய மரம் வேறு மண்ணில் பிடிக்காது என்றார். "மரமா இருந்தா நீங்க சொல்றது சரி சாமி. எனக்குக் கால் இருக்கு" என்றாள்.

எல்லோரையும் சமாளித்தவளுக்கு அண்ணன் எல்ட்ரிஜைச் சமாளிப்பதுதான் பாடாய்ப் போயிற்று. எல்ட்ரிஜ் எழுபது வயதுக்காரர். அப்பன் செய்த காரியத்துக்கு ஆண்பிள்ளை என்பதால் அவளைவிட இரண்டு பங்கு கேலி வாங்கினவர். கிளம்புகிற அன்று காலையில் வந்தார். பின்பக்கம் திறந்த வண்டியில் சாமான்கள் ஏறிக்கொண்டிருந்தன. அவர் கை கொடுக்கவில்லை. வேலியைப் பிடித்தபடி நின்றார்.

"அப்பா கல்லறைக்கு யாரு வெள்ளையடிப்பா?" என்றார். கல்லறைத் திருநாளுக்கு முன்னால் கல்லறைகளுக்கு வெள்ளையடிப்பது எங்கள் வழக்கம். வருஷா வருஷம் ஓவிட்டின் கல்லறைக்கு அவள்தான் அடித்தாள்.

"நீ அடி. பிரஷ் கொட்டகையில இருக்கு."

"எனக்கு முட்டி மடங்காது."

"எனக்கும்தான் மடங்கல. மடக்கி அடிச்சேன்."

"அப்பா பேரு பிடிக்கலைன்னு ஓடுற."

யூலா மே பெட்டியைக் கீழே வைத்தாள். "அண்ணே, அப்பா பேரை நான் ஒருநாளும் மறைக்கல. ஓவிட் மகள்தான். அவர் ரெண்டு பேருக்கு வித்தாரு, வித்தாருதான். எனக்குச் சோறு போட்டதும் அவர்தான். ஆனா அந்தப் பசு செத்து எத்தனை வருஷம் ஆச்சு? இன்னும் இந்த ஊரு அதை என் கழுத்துல கட்டி மேய்க்குது. எனக்கு மேய்ச்சல் போதும்."

எல்ட்ரிஜ் வேலிக் கதவைத் திறந்து உள்ளே வந்தார். அரைவை மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். அவள் மறுபக்கம் பிடித்தாள். தூக்கி ஏற்றினார்கள். அவள் கயிறு போட்டுக் கட்டினாள். அவர் அதை அவிழ்த்துவிட்டு, "இது ஒரு முடிச்சா" என்று முணுமுணுத்துக்கொண்டே இறுக்கிக் கட்டினார்.

"கடை எப்ப திறக்கிற?"

"வியாழக்கிழமை."

"நான் வரமாட்டேன். அந்த ரோட்டுல எவன் ஓட்டுவான்."

"வராதே" என்றாள் யூலா மே, வண்டியில் ஏறிக்கொண்டே. "ஆனா வந்தேன்னு வை, அண்ணன்னு சொல்லிக்கிட்டு முன்னால வந்து நிக்காதே. வரிசையில நில்லு."

சாவியைத் திருப்பினாள். வண்டி ஒரு தடவை இருமிவிட்டுக் கிளம்பியது.