கெட்டுப்போன சூப்பைக் கொதிக்க வைத்தேன்

செய்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது பதினோரு வயது. பென்னலூரில் எங்கள் வீட்டு மாடி அறைகளைக் கம்பெனி வேலைக்கு வரும் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். அவர்களில் தென்காசிப் பக்கத்து அக்கா ஒருத்தி மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள். மறுநாள் மத்தியானம் அவளுக்கு இன்டர்வியூ. தேறினால் வேலை நிரந்தரம். எழுந்து நடக்கத் தெம்பு வேண்டுமே என்று அம்மா ஆட்டுக்கால் சூப் வைத்தாள். பாதியை அவளுக்குக் கொடுத்தாள். மீதியை என்னிடம் விட்டுவிட்டு செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பினாள்.

"ஆறினதும் சின்னச் சின்ன டப்பாவுல ஊத்தி பிரிட்ஜ்ல வெச்சிடு. டிவி பாத்துகினு மறந்துடாத."

மறந்தேன். சித்திரை மாதப் புழுக்கத்தில் குண்டான் விடியும்வரை அடுப்பு மேலேயே கிடந்தது. நடுராத்திரி திரும்பிய அம்மா அடுப்படிப் பக்கம் வராமலே படுத்துவிட்டாள்.

காலையில் அம்மா எழுவதற்கு முன்னே மூடியைத் திறந்தேன். பிரிட்ஜில் வைத்திருந்தால் அல்வா மாதிரி இறுகியிருக்கும். இது நீர்த்துக் கிடந்தது. மேலே நுரை. புளித்த வாடை. கெட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. தெரியாமல் செய்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். கொட்டினால் அம்மா தோலை உரிப்பாள். நுரையை வழித்தெறிந்து, தளதளவென்று கொதிக்கவிட்டு, மிளகுத்தூளை அள்ளிப் போட்டேன். கொதித்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். கெட்டது எத்தனை கொதித்தாலும் கெட்டதுதான்.

அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்ன பாப்பா, கடையில உள்ள மொளவு பூரா இதுலயா கொட்டுன?"

"காய்ச்சலுக்கு நல்லதுக்கா. அம்மா முழுசா குடிக்க சொல்லிச்சி."

அம்மா அப்படிச் சொல்லவே இல்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டு குடித்து முடித்தாள்.

பத்து மணிக்கெல்லாம் வாந்தி, பேதி. இன்டர்வியூவுக்குப் போக முடியவில்லை. அம்மா அவள் தலையைப் பிடித்தபடி என்னை முறைத்தாள்.

"இன்னாடி, பிரிட்ஜ்லதான வெச்ச?"

"ஆமா."

"பாப்பா நல்லாத்தான் தந்தா" என்றாள் அக்கா. "நான் காலையில கடை வடை ஒண்ணு தின்னேன். அதாங்க்கா."

வடை ஏது? அன்று காலை அவள் அறையைவிட்டே இறங்கவில்லை. தப்பித்தேன் என்று எனக்குச் சந்தோஷம். கெட்ட வாடைகூடத் தெரியாத மண்டு என்று உள்ளுக்குள் சிரித்தேன்கூட.

கம்பெனி வேறு ஆளை எடுத்துக்கொண்டது. அடுத்த மாதம் அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனாள்.

வாடகை அறையில் கிடக்கிற ஒருத்தி, வீட்டுக்காரி மகள் நீட்டுவதை வேண்டாம் என்று சொல்ல முடியாது. அது அன்று எனக்குப் புரியவில்லை.